தொலைவில் இருந்தவர்களின் வரைபடம்

2008 ஜனவரியில், லண்டனில் என் பக்கத்து மேசையில் இருந்த கென்யத் தோழி நாள்தோறும் அலுவலகத்துக்கு வந்தார். ஆனால் அவருடைய மனம் ரிஃப்ட் வேலி மாகாணத்தில், எல்டொரெட் நகருக்கு அருகில் இருந்த தம் ஊரிலேயே கிடந்தது. தேர்தலுக்குப் பின் வெடித்த கலவரத்தால் ஊரில் கடைகள் மூடிக் கிடந்தன; ரீசார்ஜ் அட்டை வாங்க வழியில்லை. அம்மாவின் கைபேசியில் காசு தீர்ந்திருந்தது. வெளிநாட்டில் இருப்பவர் இணையத்தில் பணம் கட்டினால் ஊரில் இருப்பவரின் எண்ணுக்கு ரீசார்ஜ் செய்து தரும் மாமா மைக்ஸ் போன்ற தளங்கள் கென்யர்களிடம் அப்போதே இருந்தன. அதன் வழியாக அவர் அம்மாவுக்கும், அம்மாவின் பக்கத்து வீட்டாருக்கும், தமக்கு ஓரளவே அறிமுகமான ஒரு பள்ளி ஆசிரியருக்கும் பணம் ஏற்றிக்கொண்டிருந்தார். இடையிடையே கணினியில் ஒரு வரைபடத்தைத் திறந்து பார்ப்பார். அதில் சிவப்புப் புள்ளிகள் இருந்தன. ஒவ்வொரு புள்ளியின் பின்னாலும் ஓர் ஊர்ப் பெயரும், நடந்தது என்ன என்ற இரண்டொரு வரிகளும் இருந்தன.

அந்த வரைபடத்தின் பெயர் உஷாஹிடி. சுவாஹிலி மொழியில் அதற்குச் சாட்சியம் என்று பொருள். அதை உருவாக்கியவர்களில் பெரும்பாலோர் அப்போது கென்யாவில் வாழவில்லை.

ஆப்பிரிக்காவுக்கு வெளியே வாழும் ஆப்பிரிக்கத் தொழில்நுட்பர்கள் தம் நாடுகளின் வளர்ச்சிக்கு என்ன செய்ய முடியும் என்ற பேச்சு எழும்போதெல்லாம் எனக்கு இந்த வரைபடமே முதலில் நினைவுக்கு வருகிறது. அந்தப் பேச்சு பெரும்பாலும் பணத்தைப் பற்றியதாகவே முடிந்துவிடும். பணம் சிறிய செய்தி அன்று. 2024ஆம் ஆண்டில் மட்டும் வெளிநாடுகளில் வாழும் கென்யர்கள் ஏறத்தாழ 494 கோடி டாலரை நாட்டுக்கு அனுப்பியிருக்கிறார்கள். ஆனால் பணத்தை எப்படி அனுப்புவது என்று எல்லோருக்கும் தெரியும். அறிவையும் உழைப்பையும் தொலைவிலிருந்து எப்படி அனுப்புவது என்பதுதான் பலமுறை தவறிப்போகும் காரியம். உஷாஹிடியில் அது தவறவில்லை. ஏன் தவறவில்லை என்று இத்தனை ஆண்டுகளாக யோசித்து எனக்கு விளங்கியதை இங்கே எழுதிவைக்கிறேன்.

2007 டிசம்பர் 27 அன்று கென்யாவில் அதிபர் தேர்தல் நடந்தது. அப்போதைய அதிபர் முவாய் கிபாக்கியும் எதிர்க்கட்சித் தலைவர் ரைலா ஒடிங்காவும் மோதினார்கள். 30ஆம் தேதி கிபாக்கி வென்றதாக அறிவிக்கப்பட்டு, சிறிது நேரத்திலேயே, பொழுது சாய்ந்த வேளையில், அதிபர் மாளிகையில் பதவியேற்பு முடிந்துவிட்டது. அதே நாளில் அரசு நேரடி ஒளிபரப்புகளுக்குத் தடை விதித்தது. முடிவை ஏற்காதவர்களின் கோபம் விரைவில் இனக் கலவரமாக மாறியது. 2008 ஜனவரி 1 அன்று எல்டொரெட்டை அடுத்த கியம்பாவில், தேவாலயத்தில் அடைக்கலம் புகுந்திருந்தவர்களோடு அந்தக் கட்டடம் கொளுத்தப்பட்டது. ஐ.நா.வின் முன்னாள் பொதுச் செயலர் கோஃபி அன்னானின் சமரச முயற்சியால் பிப்ரவரி 28 அன்று உடன்பாடு கையெழுத்தாகும் வரை வன்முறை அடங்கவில்லை. பின்னர் விசாரித்த வாக்கி ஆணையம் 1,133 பேர் கொல்லப்பட்டதாகப் பதிவு செய்தது. வீடிழந்து ஓடியவர்கள் பல லட்சம்.

தேர்தலில் வாக்களிப்பதற்காக ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து நைரோபிக்கு வந்திருந்தார் ஓரி ஒக்கொலோ. ஹார்வர்டில் சட்டம் படித்த கென்யர். கென்ய அரசியலைப் பற்றித் தொடர்ந்து வலைப்பதிவு எழுதிவந்தவர். நேரடி ஒளிபரப்பு நின்றபோது அவருடைய பதிவு ஒரு செய்தி நிலையம் போலாகிவிட்டது. எந்தத் தெருவில் என்ன நடக்கிறது என்று மக்கள் அவருக்கு எழுதினார்கள். அவர் தொகுத்து வெளியிட்டார். ஒருவரால் தாங்கக்கூடிய வேலை அன்று அது. ஜனவரி 3 அளவில் ஜோகன்னஸ்பர்க் திரும்பியவர், வன்முறை நடந்த இடங்களையெல்லாம் கூகுள் வரைபடத்தின் மீது குறித்துவைக்கத் தொழில்நுட்பம் தெரிந்தவர்கள் யாராவது முன்வருவார்களா என்று தம் பதிவில் கேட்டார். பின்னாளில் சமரசம் பேசும் வேளை வரும்போது உள்ளூரில் நடந்த உண்மை தெரிந்தாக வேண்டும் என்பதே அவருடைய கவலை.

அந்த வேண்டுகோளைப் படித்தவர்களில் ஒருவர் எரிக் ஹெர்ஸ்மன். சூடானிலும் கென்யாவிலும் வளர்ந்த அமெரிக்கரான அவர் அப்போது ஃபுளோரிடாவில் இருந்தார். அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் பர்மிங்ஹாம் நகரில் வாழ்ந்த கென்ய நிரலாளர் டேவிட் கோபியாவை அவர் தொடர்புகொண்டார். அமெரிக்காவில் தகவல் தொழில்நுட்பத் துறையில் பணியாற்றிவந்த ஜூலியானா ரோட்டிச் உட்பட இன்னும் சிலர் சேர்ந்தார்கள். சில நாட்களுக்குள் தளம் இயங்கத் தொடங்கியது. கணினி வைத்திருப்பவர் இணையத்திலும், இல்லாதவர் குறுஞ்செய்தியிலும் தகவல் அனுப்பலாம். கென்யாவுக்குள் மட்டும் 45,000 பேர் அதைப் பயன்படுத்தியதாக உஷாஹிடி பின்னர் தெரிவித்தது.

தொலைவில் இருந்தது இவர்களுக்கு ஏன் உதவியாயிற்று என்பதற்கு உணர்ச்சி கலவாத ஒரு காரணம் உண்டு. 2008இல் கென்யக் கரைக்குக் கடலடிக் கண்ணாடியிழைக் கேபிள் எதுவும் வந்து சேரவில்லை. டீம்ஸ், சீகாம் என்ற இரண்டு கேபிள்களும் மொம்பாசாவை எட்டியது 2009இல்தான். அதுவரை கென்யாவின் இணையம் செயற்கைக்கோள் வழியாக, மெதுவாகவும் மிகுந்த செலவிலும் வந்தது. ஊரடங்கிக் கிடந்த நகரத்தில், மின்சாரம் எப்போது போகும் என்று தெரியாத வீட்டில் உட்கார்ந்து, அந்த இணைப்பில் ஒரு தளத்தை எழுதி, சோதித்து, வழங்கியில் (சர்வரில்) ஏற்றுவது எளிதன்று. பர்மிங்ஹாமில் இருந்தவருக்கோ அது நான்கைந்து இரவுகளின் வேலை. கதவைத் தட்டி யாரும் இழுத்துக்கொண்டு போகமாட்டார்கள் என்ற பாதுகாப்பும் அவருக்கு இருந்தது. புலம்பெயர்ந்தவரிடம் இருந்த மூலதனம் இவ்வளவுதான்: தடையில்லாத மின்சாரம், வேகமான இணைப்பு, அச்சமில்லாத இரவு. கண்களும் காதுகளும் ஊரில் இருந்தவர்களுடையவை. நைரோபியில் குறுஞ்செய்தி தட்டிய விரல்கள் இல்லாமல் அலபாமாவில் எழுதப்பட்ட நிரல் வெறும் வெற்று வரைபடத்தையே காட்டியிருக்கும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இவர்கள் அந்த ஒரு வாரத்தில் திடீரென்று கூடியவர்கள் அல்லர். 2006இலேயே ஒக்கொலோ, நைரோபியில் வாழ்ந்த மென்பொருளாளர் கான்ராட் அகுங்காவுடன் சேர்ந்து ம்சலெண்டோ என்ற தளத்தைத் தொடங்கியிருந்தார். நாட்டுப்பற்றாளர் என்று பொருள்படும் பெயர் அது. தங்கள் தன்விவரங்கள் இணையத்தில் வெளியானதற்கு உறுப்பினர்கள் சிலர் எதிர்ப்புத் தெரிவித்ததால் கென்ய நாடாளுமன்றத்தின் இணையதளம் மூடப்பட்டிருந்த காலம். அந்த வெற்றிடத்தில்தான், யார் என்ன பேசினார், எந்த மசோதா எங்கே நிற்கிறது என்பதை மக்கள் பார்க்கும்படி இவர்கள் தொகுத்தார்கள். ஒருவர் வெளியே, ஒருவர் உள்ளே. 2007 ஜூனில் தான்சானியாவின் அருஷா நகரில் நடந்த டெட் (TED) உரை மாநாட்டில் ஒக்கொலோவும் ஹெர்ஸ்மனும் இருந்தார்கள். கென்ய வலைப்பதிவர்கள் பலரும் ஒருவரை ஒருவர் பல ஆண்டுகளாகப் படித்துவந்தவர்கள். ஆகவே ஜனவரியில் ஒருவர் கேட்டபோது, கேட்பவர் யார், அவரை நம்பலாமா என்று மற்றவர்கள் தயங்கி நிற்கவில்லை. நெருக்கடி வந்தபிறகு நம்பிக்கையைத் தேடத் தொடங்கினால் காலம் போதாது.

இதே சமூகத்தின் மறுபக்கத்தை மறைத்துவிட்டுப் பாராட்டினால் அது பொய்யாகிவிடும். டேவிட் கோபியா அதற்கு முன்பே மஷாதா என்ற உரையாடல் களத்தை நடத்திவந்தார். உலகெங்கும் இருந்த கென்யர்கள் கூடிப் பேசிய இடம் அது. தேர்தலுக்குப் பிறகு அங்கே இனவெறுப்புப் பேச்சு கட்டுக்கடங்காமல் பெருகியது. பாதுகாப்பான நாடுகளில் உட்கார்ந்திருந்தவர்களும் தம் இனத்தவரைத் தூண்டிவிடும் சொற்களை எழுதிக்கொண்டிருந்தார்கள். தடுத்துப் பார்த்தும் முடியாமல் போகவே கோபியா அந்தக் களத்தையே ஜனவரியில் மூடினார்; அதற்குப் பதிலாக, எனக்கு இனம் கிடையாது என்று பொருள்படும் பெயரில், கென்யர்கள் தங்களைக் கென்யர்களாக மட்டும் அறிவித்துக்கொள்ளும் ஒரு பக்கத்தைத் திறந்தார். பல ஆண்டுகள் உழைத்துக் கட்டிய களத்தைத் தன் கையாலேயே மூடுவதற்கு எவ்வளவு துணிவு வேண்டும் என்று எண்ணிப் பார்க்கிறேன். உஷாஹிடியின் முதல் நிரலை எழுதியதைவிட இதையே நான் பெரிதாக மதிக்கிறேன். தொலைவு சினத்தைக் குறைக்கும் என்று நாம் நினைக்கிறோம். பல வேளைகளில் அது வளர்க்கவே செய்கிறது. ஊரில் இருப்பவர் மறுநாள் அதே பக்கத்து வீட்டுக்காரரின் முகத்தில் விழித்தாக வேண்டும். அந்தக் கட்டாயம் அயல்நாட்டில் இருப்பவருக்கு இல்லை.

உஷாஹிடியின் உண்மையான உழைப்பு நிரலில் இல்லை, சரிபார்த்தலில் இருந்தது. வந்த செய்தி ஒவ்வொன்றையும் அப்படியே வரைபடத்தில் ஏற்றிவிட்டால் வதந்திக்கு நாமே இடமும் நேரமும் குறித்துக் கொடுத்தவர்களாகிவிடுவோம். எனவே களத்தில் இருந்த தொண்டு அமைப்புகளிடமும் தெரிந்தவர்களிடமும் விசாரித்து, உறுதியானது எது, உறுதியாகாதது எது என்று பிரித்துக் காட்ட முயன்றார்கள். இந்த வேலையில் புகழ் கிடையாது, படம் எடுத்துப் போடவும் எதுவும் இல்லை. ஆனால் இது இல்லாவிட்டால் மற்ற எல்லாம் வீண்.

இதை நான் என் அனுபவத்திலேயே கற்றேன். 2015 டிசம்பர் முதல் வாரத்தில் சென்னை மூழ்கியபோது, லண்டனில் இருந்த நாங்கள் பத்துப் பேர் இரவெல்லாம் விழித்து, உதவி கேட்டவர்களின் பட்டியலைப் பகிரப்பட்ட ஒரு விரிதாளில் நிரப்பினோம். முடிச்சூரில் மாடியில் ஒரு கர்ப்பிணிப் பெண் சிக்கியிருப்பதாக ஒரு வரி இருந்தது. படகுக்கு ஏற்பாடு செய்துவிட்டு, உறுதிசெய்வதற்காக அந்த எண்ணை அழைத்தேன். எடுத்தவர் தளர்ந்த குரலில் பேசினார். "அவங்களை நேத்தே கூட்டிட்டுப் போயிட்டாங்க சார். காலையிலிருந்து நீங்க பதினேழாவது ஆள். போன்ல சார்ஜ் கொஞ்சம்தான் இருக்கு, எங்க அப்பாகிட்ட பேசணும்" என்றார். மின்சாரம் இல்லாத ஊரில் ஒரு மனிதர் தம் தந்தைக்காகச் சேமித்து வைத்திருந்த மின்கலத்தை, உலகத்தின் நான்கு மூலைகளிலும் நல்லெண்ணத்தோடு உட்கார்ந்திருந்த பதினேழு பேர் தீர்த்துக்கொண்டிருந்தோம். அன்று இரவே அந்த விரிதாளில், அழைத்தாயிற்று என்று குறிக்கவும் எந்த நேரத்தில் யார் அழைத்தார் என்று எழுதவும் இரண்டு பத்திகளைச் சேர்த்தோம். கென்யத் தோழியிடம் இதைச் சொன்னபோது அவர் வியப்படையவில்லை. யார் பேசினால் போதும் என்று முதலில் முடிவுசெய்துகொள்ள வேண்டும் என்றார். 2008இல் தம் குடும்பத்தில் அம்மாவை அழைக்கும் பொறுப்பை ஒரே ஓர் அண்ணனிடம் விட்டிருந்தார்களாம்.

உஷாஹிடியின் மென்பொருள் பின்னர் யாரும் எடுத்துப் பயன்படுத்தவும் மாற்றவும் கூடிய கட்டற்ற மென்பொருளாக வெளியிடப்பட்டு உலகம் முழுக்கப் பரவியது. 2010 ஜனவரி 12 அன்று ஹெய்ட்டியில் நிலநடுக்கம் வந்தபோது, இடிபாடுகளுக்கு நடுவிலிருந்து 4636 என்ற எண்ணுக்கு வந்த கிரியோல் மொழிக் குறுஞ்செய்திகளை வெளிநாடுகளில் வாழ்ந்த ஹெய்ட்டியர்கள் இரவு பகலாக மொழிபெயர்த்தார்கள். மொழி தெரிந்தவருக்கு, அதிலும் அந்தப் பேட்டையில் வளர்ந்தவருக்கு, வரைபடத்தில் இல்லாத தெருப் பெயரும் விளங்கும். எந்த வல்லரசின் செயற்கைக்கோளாலும் செய்யமுடியாத வேலை அது. ஆப்பிரிக்கப் புலம்பெயர்ந்தோர் செய்த ஒன்றைக் கரீபியப் புலம்பெயர்ந்தோர் எடுத்து ஆண்டது எனக்கு இன்றும் மகிழ்ச்சி தருகிறது.

ஆனால் எல்லா முயற்சிகளும் இப்படி அமைவதில்லை. சில ஆண்டுகளுக்குப் பிறகு லண்டனில் ஒரு வார இறுதியில், கிழக்கு ஆப்பிரிக்க விவசாயிகளுக்குச் சந்தை விலையைக் குறுஞ்செய்தியில் சொல்லும் செயலியை உருவாக்க ஒரு தன்னார்வக் குழு எங்களை அழைத்திருந்தது. நாற்பது பேர் இரண்டு நாட்கள் உழைத்தோம். திரை அழகாக வந்தது. இறுதியில் என் தோழி எழுந்து, இந்த விலையை நாள்தோறும் அதிகாலையில் சந்தைக்குப் போய் எழுதி அனுப்பப்போவது யார், அவருக்குச் சம்பளம் யார் தருவது என்று கேட்டார். அந்த அறையில் இருந்த எவரிடமும் பதில் இல்லை. அந்தச் செயலி மறுவாரம் யாருடைய கைபேசியிலும் இல்லை.

உஷாஹிடியைச் சேர்ந்தவர்கள் தொலைவிலேயே நின்றுவிடவில்லை என்பதே நான் சொல்ல வந்ததில் முக்கியமானது. ஹெர்ஸ்மன் நைரோபிக்குக் குடிபெயர்ந்தார். 2010 மார்ச்சில் நைரோபியின் ங்கோங் சாலையில், ஒரு கட்டடத்தின் நான்காவது மாடியில், ஐஹப் என்ற இடம் திறக்கப்பட்டது. நல்ல இணைப்பும் மேசை நாற்காலிகளும், தம்மைப் போன்ற பிற நிரலாளர்களும் இருக்கும் ஓர் இடம். 2008இல் அலபாமாவில் மட்டுமே கிடைத்தவை அங்கே கிடைத்தன. அதே ஆண்டு ஆகஸ்டில் புதிய அரசமைப்புச் சட்டத்தின் மீது பொது வாக்கெடுப்பு நடந்தபோது, தேர்தல் என்று பொருள்படும் உச்சாகூசி என்ற பெயரில், கென்யக் குடிமை அமைப்புகள் இணைந்து அதே மென்பொருளால் வாக்குப்பதிவைக் கண்காணித்தன. 2013இல் இந்தக் குழுவினர் பிரிக் என்ற கருவியை அறிமுகப்படுத்தினார்கள். மின்சாரம் நின்றால் தன் மின்கலத்தில் ஓடி, ஓர் இணைப்பு அறுந்தால் தானாகவே மற்றொன்றுக்கு மாறும் ரூட்டர் அது. மின்வெட்டோடு வாழ்ந்து பார்த்தவருக்கே அப்படி ஒரு கருவியின் தேவை தோன்றும். ஃபுளோரிடாவில் உட்கார்ந்து அதை நினைத்திருக்க முடியாது. 2019இல் ஐஹப்பை வாங்கியதும் ஒரு வெளிநாட்டு முதலீட்டு நிறுவனம் அன்று, நைஜீரியாவின் லாகோஸ் நகரில் யாபா பகுதியில் வளர்ந்த சிசிஹப் என்ற தொழில்நுட்ப மையம். அதைத் தொடங்கியவர்களில் ஒருவரான போசுன் டிஜானி இங்கிலாந்தில் வாழ்ந்துவிட்டுத் திரும்பியவர். 2023இல் நைஜீரியாவின் தொடர்புத் துறை அமைச்சரானார்.

இந்த வழியில் அவர்களுக்கு முன்னோடி என்று நான் கருதுவது கானா நாட்டின் நீ குவேனோரை. அமெரிக்காவில் கணினியியலில் முனைவர் பட்டம் பெற்று அங்கேயே டிஜிட்டல் எக்விப்மென்ட் என்ற கணினி நிறுவனத்தில் பணியாற்றியவர், ஊர் திரும்பி, 1990களில் மேற்கு ஆப்பிரிக்காவின் முதல் இணைய இணைப்புகளுள் ஒன்றை ஆக்ராவில் நிறுவினார். அதோடு நிற்காமல், 2000ஆம் ஆண்டு தொடங்கிய ஆப்பிரிக்க வலையமைப்புப் பொறியாளர் பயிற்சிகளுக்கு உயிராக இருந்தார். முதலில் அயல்நாட்டார் வந்து கற்பித்த அந்த வகுப்புகளில் படித்தவர்களே அடுத்தடுத்த ஆண்டுகளில் ஆசிரியர்களானார்கள். கணினிகளை இணையத்தில் அடையாளம் காட்டும் எண்களை ஆப்பிரிக்காவுக்காக ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் இருந்த பதிவகங்களிடம் கேட்டு வாங்கிவந்த நிலை மாறி, 2005இல் ஆஃப்ரிநிக் என்ற சொந்தப் பதிவகம் முழு அங்கீகாரம் பெற்றதிலும் அவருடைய பங்கு பெரிது. உஷாஹிடியைப் போல உலகச் செய்தியாகாத பணி இது. ஆனால் குழாய் போட்டவர் இல்லாமல் தண்ணீர் வராது.

என் தோழி 2012இல் நைரோபிக்கே திரும்பிப் போய்விட்டார். 2024 ஜூனில், வரிகளை உயர்த்தும் நிதி மசோதாவை எதிர்த்து கென்ய இளைஞர்கள் தெருவில் இறங்கியிருந்த நாட்களில், அவர் எனக்கு ஓர் இணைப்பை அனுப்பினார். பல பக்கங்கள் நீளும் அந்த மசோதாவைப் பற்றி யார் எதைக் கேட்டாலும் எளிய மொழியில் விளக்கும் ஓர் உரையாடல் இயலி (சாட்பாட்) அது. ரொட்டியின் விலை என்னவாகும் என்று கேட்டுப் பார்த்தேன், பதில் வந்தது. வெளியில் இருப்பவர்கள் இதற்கு ஏதாவது உதவ வேண்டுமா, இதை யார் செய்தார்கள் என்று பழைய பழக்கத்தில் அவருக்கு எழுதினேன். முதல் கேள்விக்கு அவர் பதில் எழுதவில்லை. இரண்டாவது கேள்விக்கு மட்டும் ஒரு வரி வந்தது: உஷாஹிடி வந்தபோது தொடக்கப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்த பிள்ளைகள்.